நானோ தொழில்நுட்பமும் நம் மாணவரும்: இளநிலைப் பட்டத்தில் ஒரு துணைப்பாடம் அமையும் முறை

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் கல்லூரி மாணவருக்கு விடுதிக் கட்டணமும் தேடித் தந்த கழகம் இது. அத்தகைய கழகம் தன் வெள்ளி விழாவில் நானோ தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறது. கூழுக்கு வழி தேடும் வீட்டில் பாயசத்தைப் பற்றிப் பேசுவதா என்று இங்கே சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டுகிறேன். ஒவ்வொரு புதிய கல்வியும் பழையதாகி, அதற்கான வேலைகளும் நிரம்பிய பிறகே நம் தெருவிற்கு வந்து சேர்ந்திருக்கிறது. இடம் கேட்டு நாம் கதவைத் தட்டும்போது, உள்ளே பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரமாகிவிடுகிறது.

ஒரு பாடத்திட்டம் என்பது வெறும் பாடங்களின் பட்டியல் அன்று. யார் சேரலாம், எத்தனை மணிக்கு வகுப்பு, ஆய்வகக் கட்டணம் எவ்வளவு, எந்த மொழியில் விளக்கம் என்பவையெல்லாம் அதனுள் அடங்கியிருக்கின்றன. அவற்றை எழுதும் கையே, படிப்பவர் யார் என்பதையும் எழுதிவிடுகிறது. ஆகவே, ஒரு புதிய துறைக்குப் பாடத்திட்டம் வகுக்கும் வேளையிலேயே நம் பிள்ளைகளின் தேவையும் அதில் இடம்பெற வேண்டும். இதுவே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

நானோ என்பது யாது?

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். இரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு சுமார் 7,000 நானோமீட்டர். மரபுப் பண்புகளைத் தாங்கும் டி.என்.ஏ. இழையின் அகலம் 2 நானோமீட்டர். பொதுவாக, 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள அளவில் பொருள்களை ஆக்குவதும் அறிவதும் பயன்படுத்துவதுமே நானோ தொழில்நுட்பம். தமிழில் இதனை மீநுண் தொழில்நுட்பம் என்றும் வழங்குவர்.

சிறியதாக்கினால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பக்கத்திற்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆறு முகங்களின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதே கட்டியைப் பக்கத்திற்கு ஒரு நானோமீட்டர் உள்ள துண்டுகளாக நறுக்கினால், அத்துண்டுகளின் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர் ஆகும். அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். விரல் நுனியில் நிற்கும் கட்டிக்குள் ஒன்றரை ஏக்கர் பரப்பு அடங்கியிருக்கிறது. வேதிவினை நிகழ்வது மேற்பரப்பில்தான். ஆகவே, அளவு குறையக் குறைய அப்பொருளின் வினைத்திறன் பெருகுகிறது.

நிறமும் மாறுகிறது. மஞ்சள் நிறமான பொன், சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரையுள்ள துகள்களாக நீரில் மிதக்கும்போது மாதுளைச் சாறுபோல் சிவந்து தோன்றும். துகளிலுள்ள எலெக்ட்ரான்கள் ஒளியலைக்கு இசைய ஊசலாடிப் பச்சை ஒளியைக் கவர்ந்துகொள்வதே இதற்குக் காரணம். இச்செந்நிறப் பொற்கரைசலை 1857ஆம் ஆண்டில் முறையாக ஆராய்ந்தவர் மைக்கேல் பாரடே. அவர் ஒரு கொல்லரின் மகன். முறையான உயர்கல்வி பெறாதவர். புத்தகம் கட்டும் கடையில் ஏழாண்டு தொழில் பழகி, கட்ட வந்த நூல்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தவர். நானோ அறிவியலின் முன்னோடிகளுள் ஒருவர் உழைக்கும் வீட்டுப் பிள்ளை என்பதை நம் மாணவர் மறக்க வேண்டாம்.

நம் மண்ணிலிருந்தும் ஒரு சான்று உண்டு. கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளின் கருநிறப் பூச்சில் கரிம நானோகுழாய்கள் இருப்பதை 2020ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அவற்றை உண்டாக்க வேண்டும் என்று கருதி அக்குயவர்கள் சூளை மூட்டவில்லை. நெருப்பும் மண்ணும் கைப்பழக்கமும் சேர்ந்து உண்டாக்கின. கைத்தொழிலாளி செய்தான், ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்ற அறிவு அவனுக்கு எட்டவில்லை. கையும் அறிவும் ஒரே மனிதனிடத்தில் சேர வேண்டும் என்பதற்காகவே கல்விக் கழகங்கள் வேண்டியிருக்கின்றன.

ஒரு துறைக்குள் அடங்காத அறிவு

1959ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், அமெரிக்காவின் கலிஃபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் பேசிய இயற்பியல் அறிஞர் ரிச்சர்டு ஃபெயின்மன், அணுக்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பொருள் செய்யும் வாய்ப்பைப் பற்றி எடுத்துரைத்தார். 'நானோ தொழில்நுட்பம்' என்ற சொல்லை 1974இல் ஜப்பானிய அறிஞர் நோரியோ தனிகுச்சி ஆண்டார். 1981இல் கெர்டு பின்னிக், ஹைன்ரிச் ரோரர் என்ற இருவர் ஸ்விட்சர்லாந்தில் அணுக்களைத் தனித்தனியே காட்டவல்ல வருடு நுண்ணோக்கியை உருவாக்கினர். 1986இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 1989இல் 35 செனான் அணுக்களை நகர்த்தி வைத்து 'ஐ.பி.எம்.' என்ற எழுத்துகளே எழுதிக் காட்டப்பட்டன. முப்பது ஆண்டுகளுக்குள் கனவு கைக்கு வந்தது.

இத்துறையின் தனிச்சிறப்பு, அது எந்த ஒரு பாடத்தின் வேலிக்குள்ளும் அடங்காதது. 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு 'குவாண்டம் புள்ளிகள்' என்னும் நானோ துகள்களுக்காக மூவருக்கு அளிக்கப்பட்டது. அவர்களுள் அலெக்சி எக்கிமோவ் இயற்பியலர். வண்ணக் கண்ணாடியில் அத்துகளைக் கண்டவர். லூயி புரூஸ் வேதியியலர்; கரைசலில் கண்டவர். மௌங்கி பாவெண்டி அவற்றைச் செம்மையாக ஆக்கும் முறையை வகுத்தவர். ஒரே பொருளை இருவேறு வழியாக வந்து தொட்டனர்.

மக்கள் வாழ்வை நேரே தொடும் மற்றொரு எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். மேற்கு வங்காளம் முதலிய பகுதிகளில் நிலத்தடி நீரில் ஆர்செனிக் என்னும் நஞ்சு கலந்திருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் பிரதீப் அவர்களும் அவர்தம் குழுவினரும், இரும்பு சார்ந்த நானோ பொருளால் இந்நஞ்சைப் பிரித்தெடுக்கும் முறையை உருவாக்கினர். அவருக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இம்முயற்சி முழுமை பெற எத்தனை அறிவு வேண்டியிருக்கிறது, பாருங்கள்! நச்சுநீர் எந்த ஆழத்தில் ஊறுகிறது என்பதை நிலவியலார் சொல்ல வேண்டும். நஞ்சைப் பற்றும் பொருளை வேதியியலார் ஆக்க வேண்டும். அதன் அமைப்பை இயற்பியலார் அளந்தறிய வேண்டும். வடிகலத்தைப் பொறியாளர் சமைக்க வேண்டும். குடம் ஒன்றுக்கு எத்தனை காசு என்பதைப் பொருளியலார் கணக்கிட வேண்டும். அந்தக் குழாய் எந்தத் தெருவில் நிற்கும், யார் குடம் அங்கே நிரம்பும், யார் குடம் காத்துக் கிடக்கும் என்பதைச் சமூகவியலார் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியை ஆய்வகத்தில் இருப்போர் மறக்கலாம். நாம் மறக்க இயலாது. 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், மகாடு நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் அள்ளிய ஒரு கைந்நீர், தண்ணீர் வெறும் வேதிப்பொருள் அன்று என்பதை இந்நாட்டிற்கு உணர்த்தியது. பொருளியல், சமூகவியல், மானிடவியல், சட்டம் எனப் பல துறைகளைக் கடந்து பயின்றவர் அவர். ஒரு சிக்கலைத் தீர்க்க எத்தனை துறை வேண்டுமோ அத்தனையும் கற்பது நமக்குப் புதிய நெறி அன்று.

துணைப்பாடம் ஏன்?

'மைனர்' என்று கல்லூரிகளில் வழங்கும் சொல்லைக் கேட்டவுடன், தங்கச் சங்கிலியும் வெற்றிலைப் பெட்டியுமாகத் திரிந்த பழைய ஊர் மைனரை நினைத்துவிடாதீர்கள். முதன்மைப் பாடம் ஒன்றில் பட்டம் பெறும் மாணவர், அதனோடு வேறொரு துறையில் குறிப்பிட்ட அளவு தாள்களைப் படித்துப் பெறும் தகுதியே இந்தத் துணைப்பாடம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட வரைவமைப்பில், மூன்றாண்டுப் பட்டத்தில் 24 மதிப்பலகுகளும் நான்காண்டுப் பட்டத்தில் 32 மதிப்பலகுகளும் துணைப்பாடத்திற்கு ஒதுக்கப்பட்டன. பொறியியல் படிப்புகளில், பட்டத்திற்கு வேண்டியவற்றிற்கு மேல் 18 முதல் 20 வரை கூடுதல் மதிப்பலகுகள் பெற்றுத் துணைப்பாடத் தகுதி அடையும் வழியை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வகுத்தது. 'கிரெடிட்' எனப்படும் மதிப்பலகு ஒன்று என்பது, பொதுவாக வாரம் ஒரு மணி நேர வகுப்பாக ஒரு பருவம் முழுவதும் நடக்கும் பாடம். செய்முறையாயின் இரண்டு மணி.

நானோ தொழில்நுட்பத்தையே முதன்மைப் பட்டமாகப் படித்தால் என்ன என்று மாணவர் கேட்கின்றனர். வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு என் அறிவுரை, இளநிலையில் அவசரப்பட வேண்டாம் என்பதே. ஆசிரியர் பணிக்கும் அரசுப் பணிக்கும் பெரும்பாலான தொழிற்சாலைப் பணிக்கும் வரும் அறிவிப்புகள் இயற்பியல், வேதியியல், மின்னணுவியல், இயந்திரவியல் எனத் துறைப்பெயர் சொல்லியே பட்டம் கேட்கின்றன. புதுப்பெயர் தாங்கிய பட்டம் அதற்கு நிகரானதா என்று அலுவலகந்தோறும் விண்ணப்பம் ஏந்தி நிற்கும் நிலை வரலாம். அதற்கான காலமும் பணமும் செல்வாக்கும் உள்ளவர்க்கு அது ஒரு தொல்லை. நமக்கு அது வாழ்க்கை. தாய் அடகு வைத்த தோட்டை மீட்பது அந்தப் பட்டத்தின் கையில் இருக்கிறது. ஆகவே, வேர் முதன்மைப் பாடத்தில் ஊன்றியிருக்கட்டும். கிளை நானோவை நோக்கி நீளட்டும். முதுநிலையிலும் ஆராய்ச்சியிலும் அக்கிளையே மரமாக வளர வாய்ப்புண்டு.

வாய்ப்பு இல்லாமலும் இல்லை. இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2001இல் தொடங்கிய முயற்சியை விரிவாக்கி, 2007இல் ஐந்தாண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் நானோ இயக்கத்தைத் தொடங்கியது. 2021 டிசம்பரில் குறைகடத்தித் தொழிலை வளர்க்க 76,000 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சில்லுத் தொழிற்சாலையில் தூசற்ற அறையில் நின்று வேலை செய்யப் பழகிய கைகள் வேண்டும். மருந்து, நெசவு, வண்ணப்பூச்சு, மின்கலம் ஆகிய தொழில்களிலும் அளந்தறியும் திறன் வேண்டும். சான்றிதழ் மட்டும் அங்கே போதாது. கருவியைத் தொட்ட கை வேண்டும்.

பென்சில்வேனியா காட்டிய வழி

கருவிதான் பெருந்தடை. எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் விலை, ஒரு சிறிய கல்லூரியின் ஆண்டு வரவையே விழுங்கிவிடும். இத்தடையை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் எவ்வாறு கடந்தது என்பது நாம் அறியத் தக்கது.

அங்கே 1998இல், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தை நடுவாக வைத்து, அம்மாநிலத்தின் பிற கல்லூரிகளும் சமுதாயக் கல்லூரிகளும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. சமுதாயக் கல்லூரி என்பது உழைத்துக்கொண்டே குறைந்த கட்டணத்தில் இரண்டாண்டு படிக்கும் கல்லூரி. அக்கல்லூரிகள் ஒவ்வொன்றும் கோடிக்கணக்கில் செலவிட்டுத் தூசற்ற அறை கட்டவில்லை. மாணவர் தம் கல்லூரியிலேயே அடிப்படைப் பாடங்களைப் படித்துவிட்டு, ஒரே ஒரு பருவம் பல்கலைக்கழகத்திற்கு வந்து ஆறு தாள்களை, 18 மதிப்பலகுகளை, கருவிகளின் நடுவிலேயே பயின்றனர். இரண்டாண்டுப் படிப்பினரும் நான்காண்டுப் பட்டத்தினரும் அதில் சேர இடமிருந்தது.

அந்த ஆறு தாள்களின் வரிசை சிந்தனைக்குரியது. முதல் தாள், பொருள்களையும் பாதுகாப்பையும் கருவிகளையும் பற்றியது. இரண்டாவது, நானோ ஆக்கத்தின் அடிப்படை முறைகள். மூன்றாவது, அதில் பயன்படும் பொருள்கள். நான்காவது, ஒளிகொண்டு நுண்வடிவம் பதிக்கும் முறை. ஐந்தாவது, பொருளின் பண்பை மாற்றும் முறை. ஆறாவது, ஆக்கியதை அளந்தறிதல். பாதுகாப்பை முதலில் வைத்தமை போற்றத்தக்கது.

பின்னர் 2008 முதல், அந்நாட்டுத் தேசிய அறிவியல் நிறுவனத்தின் உதவியோடு இக்கல்விமுறை பிற மாநிலக் கல்லூரிகளுக்கும் விரிந்தது. தொலைவிலுள்ள வகுப்பறையிலிருந்தே இணையம் வழியாக மின் நுண்ணோக்கியை இயக்கும் ஏற்பாடும் வந்தது. மாணவர் தம் மாதிரியை அஞ்சலில் அனுப்பிவிட்டு, வகுப்பில் அமர்ந்தபடி அதனைத் திரையில் காணலாம்.

இதனை அப்படியே இங்கே நட்டுவிட இயலாது. ஒரு பருவம் முழுவதும் வெளியூரில் தங்குவது நம் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, எளிதன்று. ஒரு பருவத்தை விடுமுறைக் காலத்தின் இரண்டு மூன்று வாரங்களாகச் சுருக்கிக்கொள்ளலாம். அதற்கான வாயில்கள் இந்நாட்டில் உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவி மையம், வெளிக் கல்லூரிகளின் மாதிரிகளையும் ஆய்ந்து தருவதற்காக அமைந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் 2008 முதல், பிற கல்லூரியினர்க்குப் பயிற்சியும் கருவி வசதியும் அளிக்கும் திட்டத்தை நடத்தலாயின. நாட்டின் ஆய்வுக் கருவிகள் எங்கெங்கு உள்ளன என்று காட்டி முன்பதிவு செய்யவைக்கும் 'ஐ-ஸ்டெம்' இணைய வாயில் 2020இல் திறக்கப்பட்டது. அங்கே விண்ணப்பம் எழுதும் ஆசிரியர் ஒருவர் நம் பக்கத்துக் கல்லூரியில் இருக்கிறாரா என்பதே கேள்வி.

ஆறு தாள்கள்: ஒரு வரைவு

நம் வட்டாரக் கல்லூரி ஒன்று இத்துணைப்பாடத்தை அமைக்குமானால், தாளுக்கு 3 மதிப்பலகாக ஆறு தாள்களை இவ்வாறு அமைக்கலாம் என்பது என் கருத்து.

முதல் தாள் பாலமாக இருக்க வேண்டும். உயிரியல் மாணவருக்கு வேண்டிய கணிதமும், மின்னணு மாணவருக்கு வேண்டிய வேதிப்பிணைப்பும், இயற்பியல் மாணவருக்கு வேண்டிய உயிரணு அறிவும் அதில் இடம்பெற வேண்டும். தமிழ்வழியில் பயின்று வந்தவருக்காகக் கலைச்சொல் கையேடு ஒன்று உடனிருக்க வேண்டும். இப்பாலம் இல்லையேல், ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நால்வர் முன்வரிசையில் இருக்க, மற்றவர் முதல் மாதத்திலேயே விலகிவிடுவர். பிறகு, 'அவர்களுக்கு ஆர்வம் இல்லை' என்று பதிவேட்டில் எழுதப்படும்.

இரண்டாம் தாள் பாதுகாப்பும் சமுதாயமும். இதனைக் கடைசியில் தள்ளலாகாது. கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் ஒரு காலத்தில் அதிசயப் பொருளாகப் போற்றப்பட்டது. அதன் இழையைச் சுவாசித்த தொழிலாளரின் நுரையீரல்தான் உண்மையைச் சொன்னது. நீண்ட கரிம நானோகுழாய்கள் சில, எலிகளின் உடலில் கல்நாரைப் போன்ற தீங்கை விளைப்பதை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. பொடியைக் கொட்டுபவர், கலவைத் தொட்டியைக் கழுவுபவர், கழிவை அள்ளுபவர் யார்? துணியில் பூசிய நானோ வெள்ளி சலவை நீரோடு கரைந்து சாக்கடையைச் சேர்கிறது. சாக்கடையில் இறக்கிவிடப்படும் மனிதர் யார்? இக்கேள்விகளைக் கேட்கும் பட்டதாரிகள் நம்மிடமிருந்தே வர வேண்டும்.

மூன்றாம் தாள் ஆக்கும் முறைகள். சிற்பி கல்லைச் செதுக்குவதுபோல் பெரியதைக் குறைத்து நுண்வடிவம் செய்வது ஒரு வழி; கொத்தனார் செங்கல்லை அடுக்குவதுபோல் அணுவையும் மூலக்கூறையும் சேர்த்துக் கட்டுவது மற்றொரு வழி. இரண்டாவதை எளிய ஆய்வகத்திலேயே செய்யலாம். பொன் குளோரைடுக் கரைசலைக் கொதிக்கவைத்து சோடியம் சிட்ரேட் சேர்த்தால் சில நிமிடங்களில் செந்நிறம் தோன்றும். இம்முறையை 1951இல் டர்க்கெவிச் என்பவரும் அவர்தம் துணைவரும் ஆராய்ந்து வெளியிட்டனர். ஒரு சோதனைக்குச் சில மில்லிகிராம் பொன் உப்புப் போதும். அக்கரைசலில் சிறிது சமையல் உப்பு இட்டால், துகள்கள் ஒன்றுகூடி நிறம் நீலமாகும். கர்ப்பம் அறியும் சோதனைப் பட்டைகள் பலவற்றில் தோன்றும் சிவப்புக் கோடு இதே பொன் துகள்தான் என்று சொல்லுங்கள். மாணவரின் கண்கள் விரியும்.

நான்காம் தாள் அளந்தறிதல். கல்லூரிகள் பலவற்றில் உள்ள நிறமாலைமானியைக் கொண்டே தொடங்கலாம். பொன் துகளின் கரைசல் 520 நானோமீட்டரை ஒட்டிய ஒளியைக் கவர்வதை மாணவர் தம் கையால் வரைபடமாக்கட்டும். அதன்பின் விடுமுறை முகாமில் அதே மாதிரியை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் காணட்டும். தான் செய்த பொருளைத் தானே அளந்த மாணவரை எந்த நேர்காணலும் மிரட்ட முடியாது. விளம்பரச் சொல்லை ஆராயும் பழக்கமும் இத்தாளில் வரும். சில்லுகளுக்குச் சூட்டப்படும் '3 நானோமீட்டர்' என்ற பெயர் தலைமுறையைக் குறிக்கும் வணிகப் பெயரே. அதில் எந்த உறுப்பின் அளவும் அதுவாக இருக்க வேண்டியதில்லை. நானோ யூரியா 2021இல் நம் நாட்டுச் சந்தைக்கு வந்தபோதும், அதனால் விளைச்சல் குறையாதா என்பதில் வேளாண் அறிஞரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. அளந்து பாராமல் எதனையும் ஏற்கலாகாது.

ஐந்தாம் தாள் விருப்பத் தாள். மின்னணு, மருத்துவம், நெசவு, சுற்றுச்சூழல் என அவரவர் முதன்மைப் பாடத்திற்கு ஏற்ப ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

ஆறாம் தாள் கூட்டுச் செயல்திட்டம். வெவ்வேறு துறை மாணவர் நால்வர் சேர்ந்தே இதனைச் செய்ய வேண்டும்; ஒரே துறையினர் சேரலாகாது. எடுத்துக்காட்டாக, தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் பல்லிலும், இன்னும் மிகுந்தால் எலும்பிலும் அதன் கேடு தெரியும். ஓர் ஊரின் எல்லாத் தெருக் குழாய்களிலும் நீர் எடுத்து அளந்து, நானோ அலுமினா போன்ற பொருளால் அதனைக் குறைத்துப் பார்த்து, குடத்திற்கு என்ன செலவு என்று கணக்கிட்டு, ஊராட்சிக்கு அறிக்கை தருவதை ஓராண்டுத் திட்டமாகக் கொள்ளலாம். எல்லாத் தெருவும் என்பதில் நம் தெருவும் அடங்கும்.

கேட்க வேண்டியவை, செய்ய வேண்டியவை

மாணவச் செல்வங்களே! ஒரு கல்லூரி இத்துணைப்பாடத்தை உங்களுக்கு அளிக்க முன்வந்தால், பெயரைக் கண்டு மயங்கிக் கையெழுத்திடாதீர்கள். சில கேள்விகளை முதல் நாளே கேளுங்கள். எத்தனை மணி நேரம் கருவியில் கைவைத்துப் பயிலலாம்? வகுப்பு மாலையில் நடந்தால், ஊருக்குச் செல்லும் கடைசிப் பேருந்துக்கு முன் முடியுமா? கூடுதல் கட்டணம் உண்டா? உண்டெனில், கல்வி உதவித்தொகையில் அது அடங்குமா? இடையில் ஒரு தாளில் தவறினால் முதன்மைப் பட்டம் பாதிக்கப்படுமா? சேர்க்கைக்கு மதிப்பெண் வரம்பு எதற்காக? விடைகளை எழுத்தில் பெறுங்கள். கேட்பது குற்றம் அன்று. கேளாமல் இருந்ததே நமக்குப் பெருங்கேடாக இருந்திருக்கிறது.

கழகத்தின் பொறுப்பாளர்களுக்கு என் வேண்டுகோள் நான்கு. முதலாவது, விடுமுறை ஆய்வு முகாமுக்குச் செல்லும் மாணவரின் பயணச் செலவுக்கும் தங்கும் செலவுக்கும் ஒரு சிறு நிதி ஒதுக்குங்கள். இரண்டாவது, நம் வட்டாரக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் ஆசிரியர்களை அழைத்து, இங்கே சொல்லிய தேவைகளை மனுவாகக் கொடுங்கள். மூன்றாவது, நம் சமுதாயத்தில் அறிவியல் பட்டம் பெற்றவர்கள் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பால வகுப்பு எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். நான்காவது, பள்ளிப் பிள்ளைகளிடமிருந்தே தொடங்குங்கள். தாமரை இலையிலும் சேப்பங்கிழங்கு இலையிலும் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடுவது ஏன் என்று கேளுங்கள். இலையின் மேல் உள்ள மெழுகு நுண்முனைகளே காரணம் என்று காட்டுங்கள். குளக்கரையில் நானோ அறிவியல் தொடங்கிவிடும். அதற்குக் கட்டணம் இல்லை.

அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தபோது, கலைப்பாடத்தோடு அறிவியலையும் சேர்த்தே வைத்தார். நம் பிள்ளைகளுக்கு எழுத்தர் வேலைக்கான படிப்பே போதும் என்று அவர் எண்ணவில்லை. அந்த வழியில் வந்த கழகங்கள் புதிய அறிவைக் கண்டு ஒதுங்கவும் கூடாது. அதன் பளபளப்பைக் கண்டு மயங்கவும் கூடாது. அதன் பாடத்திட்டம் எழுதப்படும் மேசையில் அமர்ந்து, நம் பிள்ளைகள் படிப்பதற்கு ஏற்றவாறு அதனை எழுதச் செய்ய வேண்டும்.

அடுத்த இருபத்தைந்தாம் ஆண்டில் இக்கழகம் பொன்விழாக் கொண்டாடும்போது, இம்மேடையில் நின்று இதே பொருள் பற்றிப் பேசப் போகிறவர் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவ மாணவியருள் ஒருவராக இருக்க வேண்டும் என்று விழைகிறேன்.